மழை பெய்தால் மட்டும் புதுசாகும் கார்

பெரியப்பாவின் மாருதி 800 ஒரு சிவப்பு வண்டி. 1998 மாடல். ஆனால் அது சிவப்பு என்று தெரிய வேண்டுமானால் மழை பெய்ய வேண்டும். வெயில் வந்து காய்ந்த பத்தாவது நிமிடம் ரோஸ் நிறத்துக்குப் போய்விடும், அதுவும் நல்ல ரோஸ் இல்லை, பல்பொடி ரோஸ். கையால் தடவினால் உள்ளங்கையில் பொடி ஒட்டும். வெள்ளை வேட்டியோடு அதில் சாய்ந்து நின்று ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தவர் எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் உண்டு.

"எய்யா, மழையில பாரு, ஷோரூம்ல இருந்து இப்பதான் இறக்குன மாதிரி இருக்கு. பெயிண்டுக்கு ஒண்ணும் ஆகல, மேல அழுக்குதான்" என்பார் பெரியப்பா. இத்தனை வருஷம் அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். போன தை மாதம் தூத்துக்குடிக்குப் போய், அந்த வெளிறிய பெயிண்டை நானே தேய்த்து எடுக்க ஆறு நாள் காலைகளை வண்டியோடு கழித்த பிறகு, அவர் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. மீதிப் பாதி தவறு, அந்தத் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் இந்தப் பதிவு. செய்தது, கெடுத்தது இரண்டையும் எழுதுகிறேன்.

முதலில் அந்த மழை விஷயம். பெயிண்ட் என்பது நிறப்பொடியும் அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசினும் சேர்ந்தது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பிசினின் பிணைப்புகளை அறுக்கிறது, அறுந்த இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் போய் ஒட்டிக்கொள்கிறது, சூடு இதை வேகப்படுத்துகிறது, பனியும் ஈரமும் உதிர்ந்ததைக் கழுவிக்கொண்டு போகின்றன. பிசின் போனால் நிறப்பொடி மட்டும் மேலே அம்மணமாக நிற்கும். வெள்ளையடித்த பழைய சுவரில் சாய்ந்தால் சட்டையில் சுண்ணாம்பு ஒட்டுகிறதே, அதே கதைதான். மேற்பரப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமாகி, விழுகிற வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுவதால் வெளிறித் தெரிகிறது. தண்ணீர் பட்டால் அந்தப் பள்ளங்கள் நிரம்பி மேற்பரப்பு சமமாகிவிடும், சிதறல் குறையும், அடியில் இருக்கும் சிவப்பு தெரியும். ஆக மழையில் பெரியப்பா பார்த்தது நிஜமான சிவப்புதான், அது இன்னும் அடியில் உயிரோடு இருக்கிறது. ஆனால் மேலே இருப்பது அழுக்கு இல்லை. அதுவும் பெயிண்ட்தான், செத்த பெயிண்ட். அழுக்கைக் கழுவலாம், செத்த பெயிண்டைச் சீவித்தான் எடுக்க வேண்டும். சீவ ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்பது அடுத்த கேள்வி.

மண்ணெண்ணெய்த் துணியால் வண்டி துடைப்பதும் இதே மழை வித்தைதான். பள்ளத்தை எண்ணெய் நிரப்புகிறது, ரெண்டு நாள் மினுங்கும், அப்புறம் தூசி வந்து அதன்மேல் ஒட்டும், மறுபடி துடைத்தால் அந்தத் தூசியே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பெரியப்பா வருஷக்கணக்காக இதைச் செய்திருக்கிறார். தூத்துக்குடித் தூசி வேறு சாதாரணத் தூசி இல்லை, உப்பளக் காற்றும் நிலக்கரி லாரித் தூசியும் கலந்தது.

ஊருக்குப் போனதும் முதலில் ஒரு பெயிண்டர் அண்ணாச்சியிடம் காட்டினேன். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தவர் நகத்தால் பானட்டை ஒரு கீறு கீறிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஃபுல் பெயிண்ட் அடிச்சிருவோம். நாப்பத்தெட்டு ஆயிரம் ஆகும்" என்றார். வண்டியை விற்றால் அந்தக் காசு வருமா என்பதே சந்தேகம். ரப்பிங், அதாவது மேலே தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவது, போட்டுப் பார்த்தால் என்ன என்று கேட்டதற்கு, "போடலாம், ஆனா பானட்டுல நிக்காது" என்றார். ஏன் பானட்டில் மட்டும் நிற்காது என்று அப்போது நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு காலை மிச்சமாகியிருக்கும்.

வண்டியைச் சாவகாசமாகப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வலது பக்கம் இடது பக்கத்தைவிட ரொம்பவே மோசம். வீடு தெருவின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது, வண்டி எப்போதும் கிழக்கே பார்த்து வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கும், அப்படியானால் வலது பக்கம் தெற்கு. தூத்துக்குடியில் சித்திரை பிறக்கிற சமயத்தில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வரும், அங்கிருந்து ஆவணி நடுவரைக்கும் சூரியன் வடக்கே ஒதுங்கியிருக்கும், மீதி ஏழு மாதத்துக்கும் மேலாக மத்தியான வெயில் தெற்கிலிருந்துதான் அடிக்கும். கால் நூற்றாண்டாக அந்த வலது கதவுகள் அதை வாங்கியிருக்கின்றன. இடது பக்கத்துக்கோ சுவர் நிழல். ரூஃபுக்கு எந்த மாதமும் விடுமுறை கிடையாது.

சிவப்பு என்பதும் சேர்ந்துகொண்டது. செங்காவி மாதிரி இரும்பு ஆக்சைடுச் சிவப்பு வெயிலுக்கு அசராது, ஆனால் அதில் செங்கல் நிறம்தான் வரும். பளீர் சிவப்பு வேண்டுமென்றால் கரிம நிறமிகளுக்குப் போக வேண்டும், பழைய கரிமச் சிவப்புகள் பலவும் வெயிலில் தாக்குப்பிடிக்காதவை. தெருவில் நிற்கும் பழைய வண்டிகளைப் பாருங்கள், சிவப்புதான் முதலில் படுத்திருக்கும். வெள்ளை வண்டியிலும் இதே சுண்ணாம்பு பூக்கும், நிறமும் பொடியும் ஒன்று என்பதால் யாருக்கும் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சரி, சோதனை. இந்த வேலையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: நிறத்துக்கு மேல் கிளியர் கோட் இருக்கிறதா, இல்லையா. இன்றைய கார்களில் நிறம் ஒரு அடுக்கு, அதன்மேல் நிறமில்லாத கிளியர் இன்னொரு அடுக்கு. பழைய வண்டிகளில் சாதா நிறம் என்றால் பெரும்பாலும் ஒரே அடுக்கு, நிறமும் பளபளப்பும் அதற்குள்ளேயே. வெள்ளை பனியன் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு ஓரமாகத் தேய்த்தால் தெரிந்துவிடும். துணியில் வண்டியின் நிறம் வந்தால் ஒரே அடுக்கு. டிக்கியில் தேய்த்தேன், துணி குங்குமம் துடைத்த மாதிரி ஆனது. கதவிலும் அதே. ரூஃபிலும் அதே. மூன்று இடம் பார்த்தாயிற்று, வண்டி முழுக்க அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டு அன்றைக்குக் கடையை மூடினேன். இது என் முதல் தவறு.

அடுத்த நாள் காலை நண்பன் ஒருவனிடம் இரவல் வாங்கி வைத்திருந்த டி.ஏ. பாலிஷ் மெஷினை எடுத்துக்கொண்டு நேராகப் பானட்டில் ஆரம்பித்தேன், கண்ணுக்கு முதலில் தெரிவது அதுதானே. அங்கங்கே பால் கொட்டிய மாதிரி வெள்ளைத் திட்டு. தேய்க்கிறேன், தேய்க்கிறேன், போகவே இல்லை. கொஞ்ச நேரத்தில் திட்டின் ஓரம் சரிகை மாதிரி பிய்ந்து பெரிதாக ஆரம்பித்தது. மெஷினில் மாட்டிய ஃபோம் பேடைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பொட்டு சிவப்பு இல்லை, வெள்ளையாக இருக்கிறது.

அப்போதுதான் அண்ணாச்சி நகத்தால் கீறியது ஞாபகம் வந்தது. உள்ளே போய்ப் பெரியப்பாவிடம், பானட்டுக்கு எப்பவாவது பெயிண்ட் அடிச்சீங்களா என்று கேட்டேன். "2011ல ஆட்டோக்காரன் இடிச்சான்லா, அப்ப முன்பக்கம் மட்டும் அடிச்சது" என்றார், ஏதோ எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பது போல. அப்போது அடித்த பட்டறையில் பானட்டுக்கும் இடது முன் மட்கார்டுக்கும் நிறம் தனி, கிளியர் தனி என்று அடித்திருக்கிறார்கள், அதுவும் கிளியரைச் சிக்கனமாக. ஒரே வண்டியில் ரெண்டு ஜாதிப் பெயிண்ட்.

இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் கெட்டுப்போன வண்டிகள் நிறைய. ஒரே அடுக்குப் பெயிண்ட் வெளிறினால் மேலே செத்த படலத்தை எடுத்துவிட்டால் அடியில் அதே நிறம் காத்துக்கொண்டிருக்கிறது. கிளியர் கோட்டில் லேசான மங்கல்தான் என்றால் அதையும் பாலிஷில் எடுக்கலாம். ஆனால் கிளியர் உடைந்து, வெயிலில் முதுகுத் தோல் உரிகிற மாதிரி உரிய ஆரம்பித்துவிட்டால் தேய்த்து எடுக்கிற பசையான எந்த காம்பவுண்டும் அதை ஒட்டவைக்காது. தேய்க்கத் தேய்க்க ஓரம் இன்னும் பிய்யும். அதற்குச் சுரண்டிவிட்டு மறுபடி அடிப்பதுதான் வழி. நகத்தை வைத்து இழுத்தால் திட்டின் ஓரத்தில் ஒரு படி தட்டுப்படும், தட்டுப்பட்டால் அங்கேயே மெஷினைக் கீழே வைத்துவிடலாம். அண்ணாச்சி அதைத்தான் பார்த்திருக்கிறார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

அதன்பிறகுதான் பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர் ஒன்று வரவழைத்தேன், 2,600 ரூபாய். மலிவு மீட்டர்தான், 2, 3 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) முன்னே பின்னே காட்டும், பிளாஸ்டிக்கில் வேலை செய்யாது, ஆனால் இந்த வேலைக்கு அது போதும். ஒவ்வொரு பேனலிலும் ஐந்தாறு இடம் வைத்து எழுதிக்கொண்டேன். கதவுகள் 95 முதல் 110 மைக்ரான். டிக்கி 100 சுமார். ரூஃப் 78 முதல் 90. பானட் 230க்கு மேல். இடது முன் மட்கார்டில் ஒரு இடத்தில் 900 தாண்டியது, அடியில் நசுங்கலை நிரப்பிய பட்டி இருக்கிறது என்று அர்த்தம். ஆட்டோ எங்கே இடித்தது என்று மீட்டரே சொல்லிவிட்டது.

100 மைக்ரான் என்றால் ஒரு ஜெராக்ஸ் பேப்பரின் கனம். அதிலும் முழுசும் நிறம் இல்லை. தகட்டை ஒட்டித் துருப்பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு சுமார் 20, அதன்மேல் நிறத்துக்கு அடிப்பூச்சான பிரைமர் ஒரு 30, 35, மேலே இருக்கிற 40 சொச்சம்தான் சிவப்பு. அதிலும் கால் நூற்றாண்டு வெயிலும் மண்ணெண்ணெய்த் துணியும் எடுத்துக்கொண்டது போக மீதி. காம்பவுண்ட் போட்டு மெஷின் ஓட்டினால் ஒரு சுற்றுக்கு 2 முதல் 4 மைக்ரான் போகும். கணக்கு உங்களுக்கே புரியும். ரூஃபில் 78 காட்டிய இடத்தில் எவ்வளவு சிவப்பு மிச்சம் என்பதை எந்த மீட்டரும் தனியாகப் பிரித்துச் சொல்லாது, மொத்தக் கனத்தைத்தான் சொல்லும். அதனால் ரூஃபைக் கடைசிக்குத் தள்ளினேன்.

பட்டறைகளில் இன்றைக்கும் டூகோ பெயிண்ட் என்று ஒரு வார்த்தை புழங்குகிறது. அது அமெரிக்க டூபாண்ட் கம்பெனி 1920களில் கொண்டுவந்த லேக்கரின் பெயர். அதற்கு முன்னால் ஒரு காருக்கு வார்னிஷ் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும், டூகோ அதை மணிக்கணக்காக்கியது. அந்த லேக்கர் கொஞ்ச நாளிலேயே மங்கும், ஆகவே அடிக்கடி தேய்த்து மெழுகு போடுவது கார் வைத்திருப்பவர் வேலையில் ஒன்றாக இருந்தது. அண்ணாச்சி தலைமுறை "ரப்பிங்" என்று சொல்லும்போது குரலில் ஒரு அலட்சியம் இருப்பதற்கு அந்தப் பழக்கம் காரணமாக இருக்கலாம்.

இனி வேலை. காலை ஆறுக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடித்தேன், தையிலும்கூட. தகடு சுட ஆரம்பித்தால் காம்பவுண்ட் அடித்த வேகத்தில் காய்ந்து கட்டியாகிக் கோடு போடும். வண்டி கழுவ சலவைத்தூள் போடாமல் கார் ஷாம்பூ, ரெண்டு வாளி, ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் துணி அலச வெறும் தண்ணீர். அலசும் வாளியின் அடியில் கறுப்பு மண் தங்குவதைப் பார்த்தாலே ஏன் ரெண்டு வாளி என்று தெரியும். போர் தண்ணீர்க் கறை கண்ணாடி ஓரத்தில் உப்பாகப் படிந்திருந்தது, அதற்கு வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைத்து உடனே கழுவினேன். பிறகு கிளே பார், அதாவது மாவு மாதிரி பிசைகிற ஒரு கட்டி, ஷாம்பூ தண்ணீர் தெளித்து லேசாக ஓட்டினால் ஒட்டிக்கொண்டிருக்கும் தார், இரும்புத் துகள் எல்லாம் அதில் ஏறிவிடும். இந்த வண்டியில் நாலு தடவை ஓட்டுவதற்குள் அது செம்பருத்தி நிறமாகிவிட்டது. பயப்பட வேண்டாம், ஒரே அடுக்குப் பெயிண்டில் அப்படித்தான் ஆகும்.

பம்பர், கதவு ஓர ரப்பர், கைப்பிடி எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். இந்த மாடலில் பம்பர் கறுப்பு பிளாஸ்டிக், அதில் காம்பவுண்ட் பட்டுக் காய்ந்தால் வெள்ளைக் கறை லேசில் போகாது. கதவின் மடிப்புக் கோடுகள், ஓரங்கள் இவற்றுக்கும் டேப் ஒட்ட வேண்டும், மேட்டில் பெயிண்ட் எப்போதும் மெல்லிசாகத்தான் இருக்கும், பேடின் அழுத்தம் முழுக்க அந்த மேட்டில்தான் விழும். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, ஏன் என்று கீழே தெரியும்.

மெஷின் பற்றி ஒரு வார்த்தை. சில பட்டறைகளில் வெல்டிங்குக்குப் பிறகு தேய்க்கிற ஆங்கிள் கிரைண்டரிலேயே பேடை மாட்டி ரப்பிங் போடுகிறார்கள். அது நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். பாலிஷ் மெஷினுக்கு 600 முதல் 3,000 போதும். கிரைண்டர் வைத்தால் பெயிண்ட் எரிவதற்கு முன்னால் நீங்கள் ஒரு தும்மல்கூடப் போட முடியாது. ஒரே அச்சில் சுற்றுகிற ரோட்டரி பாலிஷர் கைதேர்ந்தவர்களுக்கு. டி.ஏ. என்பது சுற்றிக்கொண்டே அசைவது, ஒரே இடத்தில் சூடு சேராது, புதுக்கைக்கு அதுதான்.

வலது பின் கதவில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி டேப் ஒட்டிச் சோதனைக் கட்டம் போட்டேன். எது லேசானதோ அதிலிருந்து ஆரம்பிப்பது நல்ல பழக்கம். மென்மையான பாலிஷ், மென்மையான ஃபோம் பேட்: பளபளப்பு வந்தது, ரோஸ் போகவில்லை. அதே பேடில் காம்பவுண்ட்: பாதி போயிற்று. கொஞ்சம் கெட்டியான பேடில் காம்பவுண்ட், நாலு தடவை குறுக்கும் நெடுக்குமாக, பாதிக்குப் பாதி மேலேறும்படி மெதுவாக ஓட்டியபோது கட்டத்துக்குள் சிவப்பு எழுந்தது. எழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். டேப்பைப் பிரித்தபோது ஒரு பக்கம் பல்பொடி, மறுபக்கம் நன்னாரி சர்பத். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார், விரலால் தொட்டார், "தண்ணி ஊத்தியிருக்கியா?" என்றார்.

கட்டத்தைத் துடைத்ததும் நம்பிவிடவில்லை. பாலிஷில் இருக்கும் எண்ணெயும் மழை மாதிரியே ஏமாற்றும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் நீர்க்கக் கலந்து துடைத்து, காய்ந்தபிறகு பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்பு அப்படியே நின்றது, சிலந்திவலை மாதிரி மெல்லிய கீறல்கள் கொஞ்சம் தெரிந்தன. அவற்றில் ஆழமானதை விட்டுவிட்டேன். எல்லாக் கீறலையும் எடுக்கிறேன் என்று கிளம்பினால் எடுக்கப் பெயிண்ட் வேண்டும், நம்மிடம் கையிருப்பு கம்மி.

வலது கதவுகள் இரண்டுக்கும் ஒரு முழுக் காலை போனது. பேட் சீக்கிரமே செத்த பெயிண்டால் அடைத்துக்கொள்ளும், அடைத்த பேட் தேய்க்காது, பூசும். ரெண்டு கட்டத்துக்கு ஒரு முறை பிரஷ்ஷால் தட்டினேன், ஆறு பேட் மாற்றி மாற்றிப் போட்டேன், கழுவிக் காயப்போட்ட பேடுகளைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, கேசரி கிண்டுறீங்களா தம்பி என்று கேட்டார். வேலை முடிந்தபின் அளந்தால் கதவில் 104 காட்டிய இடம் 98, 97 என்று காட்டியது. மீட்டரின் தடுமாற்றத்தைக் கழித்தால் ஐந்து மைக்ரான் சுமார் போயிருக்கும். மீசை முடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதற்குத்தான் இத்தனை பாடு.

இடது பக்கமும் டிக்கியும் சுலபம். ஒரே சுற்று, லேசான பேட். சொல்ல ஒன்றுமில்லை.

ரூஃப்தான் யோசிக்க வைத்தது. அமெரிக்காவில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு வேலை செய்வார்கள்: மெகயர்ஸ் நம்பர் 7 என்கிற எண்ணெய்ப்பசையுள்ள கிளேஸை டெர்ரி துணியில் தோய்த்து, காய்ந்த பெயிண்டின்மேல் அழுத்தித் தேய்த்து, ஒரு இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் அதிலேயே நனைத்துத் துடைத்து எடுப்பார்கள். பெயிண்ட் எண்ணெயைக் குடித்து உயிர் பெறுகிறது என்று அதற்கு விளக்கமும் சொல்வார்கள். தலைக்கு எண்ணெய் வைப்பது மாதிரி கேட்க நன்றாக இருக்கிறது, வெயிலில் அறுந்த பிசின் எண்ணெய் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம், எண்ணெய் ஊறிய பரப்பில் பேட் வறட்டு வறட்டென்று இழுக்காமல் வழுக்கும், வெட்டு குறையும். மெல்லிசான இடத்தில் அது போதாதா. அந்த மாதிரி ஒரு கிளேஸை இரவு தடவி வைத்து, மறுநாள் காம்பவுண்டைத் தொடாமல், மென்மையான பேடில் மென்மையான பாலிஷ் மட்டும் ரெண்டு சுற்று. கதவு அளவுக்கு ஆழமான சிவப்பு வரவில்லை, ஒரு எழுபது சதவீதம் வந்தது. அங்கே நிறுத்தினேன். ரூஃபை நின்றுகொண்டு பார்க்கும் உயரத்தில் எங்கள் வீட்டில் யாரும் இல்லை என்பது ஒரு வசதி.

இப்போது அந்த மடிப்புக் கோடு. ஐந்தாம் நாள், வலது பின்பக்க மூலை, பெட்ரோல் மூடி பக்கம் இல்லாத அந்தக் கடைசி அரை அடி. டேப் தீர்ந்துவிட்டது. மணி எட்டேமுக்கால், வெயில் ஏறுகிறது, இட்லி ஆறுகிறது என்று பெரியம்மா ரெண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். இவ்வளவு செய்தாயிற்று, இது ஒரு விஷயமா என்று மெஷினைச் சாய்த்துக் கோட்டின்மேல் ஓட்டினேன். மூணாவது இழுப்பில் சிவப்புக்கு நடுவே சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. அழுக்கு என்று நினைத்து இன்னொரு இழுப்பு இழுத்தேன். பிரைமர். ஒரு ரூபாய் நாணயம் அளவு. பின்னால் எவ்வளவு நிதானமாகச் செய்தாலும் அது திரும்பி வராது, டச்சப் பெயிண்ட் வாங்கிச் சின்ன பிரஷ்ஷால் புள்ளி புள்ளியாக வைத்தேன், அருகில் போனால் நெற்றியில் பொட்டு அழிந்த மாதிரி தெரியும்.

பானட்டையும் இடது மட்கார்டையும் அண்ணாச்சியிடமே விட்டேன். இரண்டுக்கும் சேர்த்து 11,000. இதில் நான் அதிர்ஷ்டத்தால் தப்பித்த ஒரு விஷயம் இருக்கிறது. மற்றப் பக்கங்களை முதலில் பாலிஷ் போட்டுவிட்டு அப்புறம்தான் வண்டியை அவரிடம் கொண்டுபோனேன். பெயிண்டர் நிறம் கலப்பது பக்கத்துப் பேனலைப் பார்த்துத்தான். முதலிலேயே விட்டிருந்தால் வெளிறிய கதவுக்கு ஜோடியாக ஒரு ரோஸைக் கலந்து பானட்டில் அடித்திருப்பார், நான் பிறகு கதவைச் சிவப்பாக்க, பானட் மட்டும் காலத்துக்கும் பல்பொடியாக நின்றிருக்கும். அவரே சொன்னார், "நல்லவேளை தம்பி, தேச்சிட்டுக் கொண்டாந்தீங்க." பழைய கிளியரை முழுக்கச் சுரண்டி, பிரைமர் போட்டு, நிறம், அதன்மேல் இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த டூ-கே கிளியர் ரெண்டு கை. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சில் போனால் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். அவர் மூக்கில் ஒரு கைக்குட்டை கட்டிக்கொண்டு அடித்தார். தகுந்த வடிகட்டி உள்ள மாஸ்க் போடச் சொன்னேன், முப்பது வருஷமா அடிக்கிறேன் தம்பி என்றார். அவரோடு இதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கடைசியில் பாதுகாப்புப் பூச்சு. பிரேசிலில் ஒரு வகைப் பனையின் ஓலையில் படிகிற கார்னோபா மெழுகு சேர்ந்த பேஸ்ட் வேக்ஸ் போட்டேன். செராமிக் கோட்டிங் இருபதாயிரத்துக்குப் போட்டுத் தருவதாக ஒரு கடையில் ஆசை காட்டினார்கள். போட்டால் தப்பில்லை, ஆனால் மிஞ்சியிருக்கிற சிவப்புக்கே எத்தனை வருஷம் ஆயுள் என்று தெரியாத வண்டிக்கு அது தேவையில்லாத வைரத்தோடு. வேக்ஸ் எங்கள் வெயிலில் ரெண்டு மாதம் தாங்கினால் பெரிது, தண்ணீர் உருண்டையாக நிற்காமல் பரவ ஆரம்பித்தால் மறுபடி போட வேண்டியதுதான். ரூஃபுக்கு இன்னும் அடிக்கடி. மெஷின் இரவல் என்பதால் என் செலவு மீட்டர், பேட், காம்பவுண்ட், வேக்ஸ் எல்லாம் சேர்த்து 7,400, அண்ணாச்சியுடையதைச் சேர்த்தால் 18,400.

ஒன்பது மாதம் ஆகிறது. கதவுகள் அப்படியே நிற்கின்றன. ரூஃபில் முன்கண்ணாடியை ஒட்டிய பகுதி லேசாக மங்க ஆரம்பித்திருக்கிறது, அங்கே இனிமேல் மெஷின் வைக்க மாட்டேன், கையால் மெழுகு மட்டும்தான், அதற்கும் அடங்காவிட்டால் அண்ணாச்சி. வண்டியை இப்போது ஒரு மாதம் கிழக்கே பார்த்தும் ஒரு மாதம் மேற்கே பார்த்தும் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். பெரியப்பா சொன்னபடி செய்கிறார், ஆனால் மேற்கே பார்த்து நிறுத்துவது ராசியில்லை என்று முனகிக்கொண்டே. மண்ணெண்ணெய்த் துணி மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விட்டது என்று பெரியம்மா போனில் சொன்னார்.

அந்த ஒரு ரூபாய் பிரைமர் இடத்தின்மேல் இப்போது திருச்செந்தூர் வேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. நான் ஒட்டவில்லை. பெரியப்பாவும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.